மூடிய கலத்தில் வெந்நீர்

அடுப்பில் ஏற்றிய பானையில் நீர் கொதிக்கத் தொடங்கியதும் அதன் மூடி மெல்லத் துள்ளும். சமைப்போர் உடனே மூடியைச் சற்று விலக்கி வைப்பர். உள்ளே பெருகும் ஆவி வெளியேற ஒரு வழி வேண்டும் என்பது, எவரும் கற்பியாமலே அடுக்களை கண்டறிந்த உண்மை. பிரான்சிற் பிறந்த டெனி பப்பின் என்னும் அறிஞர் 1679 ஆம் ஆண்டளவில் இலண்டனில் இறுக மூடிய சமையற் கலம் ஒன்றை ஆக்கினார். அமுக்கம் அளவு கடந்தால் தானே திறந்துகொள்ளும் காப்பு வால்வொன்றையும் அவர் அதற்குப் பொருத்தினார். இன்று பிரித்தானியாவிற் பல இல்லங்களின் அலுமாரி அறைகளில் நெடிதுயர்ந்து நிற்கும் வெந்நீர்க் கலமும் அந்தப் பானையின் வழித்தோன்றலே.

இலண்டனிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வாழும் பிள்ளைகளிடம் சென்று தங்கும் பெற்றோர் நம்மிடையே பலர். அவ்வீடுகளில் இக்கலத்தைக் கண்டிருப்போர் அதன் இயல்பை அறிந்திருத்தல் நன்று.

முற்காலத்துப் பிரித்தானிய வீடுகளில் கூரைக்கடியில் ஒரு தண்ணீர்த் தொட்டி இருக்கும். கலத்தினின்று எழும் திறந்த குழாய் ஒன்று அத்தொட்டியின் மேல் வளைந்து நிற்கும். நீர் விரிந்தாலும் கொதித்தாலும் அவ்வழியே போய்விடும். ஆயின் தொட்டியின் உயரமே நீரைத் தள்ளும் விசையாதலால், மேல்மாடியிற் குளிப்போருக்கு நீர் மெலிந்தே வரும். இக்குறையை நீக்குவதற்காகத் திறந்த குழாயின்றி, நகர நீர்க்குழாயுடன் நேரே இணைக்கப்படும் மூடிய கலம், இங்கிலாந்திலும் வேல்சிலும் 1985 ஆம் ஆண்டின் கட்டட விதிகளுக்குப் பின் வழக்கில் வந்தது. அதற்கு முன் அங்கே அதற்கு இடமளிக்கப்படாமைக்குக் காரணம், அதிலடங்கிய அபாயமே.

அவ்வபாயம் யாது? 200 லீற்றர் நீரை 10 பாகை செல்சியசிலிருந்து 60 பாகைக்குச் சூடாக்கினால், அது மூன்று லீற்றருக்குச் சற்று மேலாக விரியும். நீரை நெருக்கி அடக்குதல் அரிது. எனவே அவ்விரிவுக்கு இடம் இல்லையேல் கலத்தின் சுவரே அதனைத் தாங்க வேண்டும். இதனினும் கொடியது இன்னொன்று. அமுக்கத்தின்கீழ் உள்ள நீர் நூறு பாகையிற் கொதியாது. சாதாரணமாக இக்கலங்களில் நிலவும் மூன்று பார் அமுக்கத்தில் அது 140 பாகைக்கு மேலேயே கொதிக்கும். அத்தகைய நீரை அடக்கிய கலம் பிளந்தால், அந்நீரில் ஒரு பகுதி கணப்பொழுதில் ஆவியாகும். ஒரு லீற்றர் நீர் ஆவியானால் ஏறத்தாழ 1,600 லீற்றர் இடம் கொள்ளும். வீட்டையே தகர்க்க அது போதும்.

இது வெறும் அச்சமன்று. அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்து ஸ்பென்சர் என்னும் ஊரில், 1982 ஆம் ஆண்டு சனவரி 19 ஆம் நாள், பாடசாலையொன்றின் வெந்நீர்க் கலம் வெடித்தது. அருகே உணவுண்டிருந்தோருள் எழுவர் மாண்டனர். அவர்களுட் பெரும்பாலோர் சிறுவர். சூட்டைக் கட்டுப்படுத்தும் கருவியும் காப்பு வால்வும் ஒருங்கே தவறியதன் விளைவு அது.

ஆதலால் பிரித்தானியக் கலத்திற்கு மூன்று காவல்கள் உள. முதலாவது தெர்மோஸ்டாட்; அது நீரை 60 பாகையளவில் நிறுத்தும். அது தவறினால், 85 பாகையளவில் சூட்டு வழியைத் துண்டிக்கும் கருவி இரண்டாவது காவல். அதுவும் தவறினால், 90 முதல் 95 பாகைக்குள் திறந்து வெந்நீரை வெளியேற்றும் வால்வு மூன்றாவது. இவற்றோடு, நகர நீரின் அமுக்கத்தைக் குறைக்கும் வால்வும், அமுக்கம் மிகுந்தால் நீரைக் கசியவிடும் வால்வும், விரியும் நீருக்கு இடந்தரும் விரிவுக் கலமும் உண்டு. சில வகைகளில் விரிவுக் கலத்திற்குப் பதிலாக, உருளையின் உச்சியில் அடைபட்ட காற்றே அவ்விடத்தைத் தரும்.

வீட்டுக்காரர் செய்ய வேண்டிய முதற் பணி எளிதானது. அது கண்ணாற் காண்பது. காப்பு வால்வுகளின் நீர் திறந்த புனல் ஒன்றின் வழியே வீழ்ந்து வெளியே செல்லும்படி அமைக்கப்பட்டிருக்கும். அப்புனல் எப்பொழுதும் உலர்ந்திருத்தல் வேண்டும். நீர் சூடேறும் வேளையில் மட்டும் அதிற் சொட்டினால், விரிவுக்கு ஒதுக்கிய காற்றுக் குறைந்துவிட்டது எனக் கொள்ளலாம். இரவும் பகலும் குளிர்ந்த நீர் சொட்டினால், அமுக்கத்தைக் குறைக்கும் வால்வு பழுதுற்றிருக்கலாம். அன்றேல் காப்பு வால்வின் வாயிலே தூசு சிக்கியிருக்கலாம். ஆவி பறக்கும் வெந்நீர் ஓடினாலோ, முதலிரு காவல்களும் தோற்றன என்பதே பொருள். அப்பொழுது மின்னாளியையும் பொயிலரையும் உடனே நிறுத்த வேண்டும். குளிர்நீர் வரும் வழியை மட்டும் அடைத்தல் ஆகாது. உள்ளே புகும் குளிர்நீரே கலத்தைத் தணிவிப்பது. பின்னர் தகுதிபெற்ற தொழிலாளரை அழைக்க வேண்டும்.

இங்கே ஒரு வீட்டை எண்ணிப் பார்க்கலாம். மகனும் மருமகளும் வேலைக்குச் சென்றுவிட்டனர். ஊரிலிருந்து வந்த தந்தையார் தனியே இருக்கிறார். அலுமாரிக்குள் சொட்டுச் சொட்டாக நீர் வீழும் ஓசை கேட்கிறது. நீரை வீணாக்கலாகாது என வளர்ந்தவர் அவர். குழாயின் வாயை ஒரு துணியாலும் கயிற்றாலும் இறுகக் கட்டுகிறார். ஓசை நின்றுவிட்டது, மகனுக்கு ஒரு வேலை குறைந்தது என மகிழ்கிறார். அன்பினாற் செய்த அச்செயல் அவ்வீட்டின் கடைசிக் காவலைக் கட்டிவைத்த செயலாகும். கலம் அவ்வோசையின் வாயிலாகத் தன் நோயைச் சொல்லியது. அவரோ அதன் வாயைப் பொத்திவிட்டார். சொட்டும் நீரின் கீழே வாளியை வைத்து, மாலையில் மகன் வந்ததும் சொல்லியிருந்தால், அதுவே பெரும் உதவியாகியிருக்கும்.

இரண்டாவது பணி, ஆண்டுக்கொரு முறை கலத்தைத் தகுதிபெற்றவரைக் கொண்டு சோதிப்பித்தல். அவர் காப்பு வால்வுகளைக் கையாற் சிறிது திறந்து, அவை ஒட்டிக்கொள்ளவில்லை என உறுதி செய்வார். நீர் வரும் வழியிலுள்ள வடியைக் கழுவுவார். விரிவுக் கலத்தின் காற்றை அளப்பார். அதில் மோட்டார் வண்டிச் சக்கரத்தில் உள்ளது போன்ற சிறு வால்வு உண்டு. அதன் ஊசியை அழுத்தும்போது காற்றுக்குப் பதில் நீர் வந்தால், உள்ளிருக்கும் இரப்பர்ச் சவ்வு கிழிந்தது என்பது தெளிவு. செய்தவை அனைத்தையும் அவர் கலத்தோடு வந்த ஏட்டிற் குறித்து வைத்தல் முறை. துண்டிக்கும் கருவியின் பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்தி வேலை வாங்குதல், காரணம் காணாமற் காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பதை ஒக்கும்.

மூன்றாவது, சூட்டின் அளவு. மின்கட்டணத்தைக் குறைக்கக் கருதிச் சிலர் கலத்தை 45 பாகையில் வைப்பர். 1976 ஆம் ஆண்டு பிலடெல்பியா நகரின் விடுதியொன்றிற் கூடிய முன்னாட் படைவீரர் பலரைக் கொன்ற நோயின் கிருமி, லெஜியோனெல்லா எனப் பெயர் பெற்றது. அது 20 முதல் 45 பாகை வரையுள்ள நீரிற் பெருகி, குளிக்கும்போது எழும் நுண்துளிகளோடு நெஞ்சுக்குட் செல்லும். 60 பாகையில் அது மடியும். ஆயின் 60 பாகை நீர் சில விநாடிகளிலேயே உடலைச் சுடும்; குழந்தையின் தோலை இன்னும் விரைவாகச் சுடும். ஆகவே கலத்திற் சூடாக வைத்து, குழாயருகே கலப்பு வால்வினாற் குளிர்நீர் சேர்த்துத் தணித்தலே ஏற்ற வழி.

இலண்டன் நீரிற் பெரும்பகுதி சுண்ணாம்பு நிலத்தினூடே வருவது. யாழ்ப்பாணத்துக் கிணற்று நீரிற் கேத்தலின் அடியிற் படியும் வெண்படையை அறிந்தோர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. அப்படை மின்சூடாக்கியை மூடினால் சூடு நீருக்குட் செல்லாது. கம்பி வெந்து கெடும். எனவே அதனையும் காலந்தோறும் பார்த்தல் வேண்டும்.

நம் நாட்டில், குளிர்மிகுந்த மலைநாட்டு இல்லங்களிலும் விடுதிகளிலும் சுவரிற் பொருத்தப்படும் மின்கீசரும் இவ்வினத்தைச் சேர்ந்த சிறுகலமே. அதன் அடியிலுள்ள சிறு காப்பு வால்வு சிலவேளை சொட்டும். அதனை அடைக்க எவரும் முற்படலாகாது.

பானையின் மூடியை விலக்கி வைத்த அடுக்களையின் அறிவை, புதிய கருவி வந்த பின்னும் கைவிடாதிருத்தல் வேண்டும். வாரத்துக்கொருமுறை அலுமாரியைத் திறந்து புனலை நோக்க அரை நிமிடம் செல்லும். அது உலர்ந்திருந்தால், அவ்வீட்டார் அச்சமின்றி நீராடலாம்.