நுண்ணுயிர் செய்யும் சோப்பு

(மாமல்லபுரத்தில் நடந்த மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



போன கூட்டத்தில் ஒரு கேள்வி வந்தது. "நுண்ணுயிரை வெச்சு சோப்பு ஆயில் செய்யலாமாம். பயிற்சிக்குப் பணம் கட்டணும்னு ஒருத்தர் வந்து சொன்னாரு. உள்கடன் எடுத்துக் கட்டலாமா மேடம்?" அன்றைக்கு நமக்குப் பதில் தெரியவில்லை. விசாரித்து வந்ததை இன்றைக்குச் சொல்கிறோம்.

முதல் விஷயம், அவர் சொன்னது பொய் இல்லை. மீன் சட்டியை வெறும் தண்ணீரில் கழுவினால் பிசுக்கு போகுமா? போகாது. சோப்பில் இருக்கும் பொருளுக்கு ஒரு முனை தண்ணீரைப் பிடிக்கும், மறுமுனை எண்ணெயைப் பிடிக்கும். அதனால்தான் பிசுக்கு கழன்று வருது. நம் குழுக்கள் வாங்குகிற ஆசிட் ஸ்லரி செய்வதும் இதே வேலைதான். அதன் மூலப்பொருள் பெட்ரோலியத்திலிருந்து வருவது. மணலியில் உள்ள தமிழ்நாடு பெட்ரோபுராடக்ட்ஸ் ஆலையில்கூடத் தயாராகிறது. கையுறை போடாமல் ஸ்லரி கலக்கி விரல் தோல் உரிந்தவங்க இங்கேயே இருக்கீங்க. கையைத் தூக்கச் சொல்லவில்லை.

சில நுண்ணுயிர்கள் இப்படி ஒரு பொருளைத் தாமாகவே சுரக்கின்றன. அதற்கு பயோசர்பாக்டன்ட் என்று பெயர். எண்ணெயைத் தின்னும் நுண்ணுயிருக்கு அது தண்ணீரில் கரையாமல் மிதப்பது பெரிய தடை. அதனால் சோப்பு மாதிரி ஒன்றைச் சுரந்து, எண்ணெயைச் சின்னத் துளியாக உடைத்துத் தின்கிறது.

2017 ஜனவரி 28 நினைவிருக்கா? எண்ணூர் துறைமுகம் பக்கத்தில் இரண்டு கப்பல்கள் மோதின. கொட்டிய எண்ணெயைப் பக்கெட்டில் அள்ளினார்கள். படலம் கரையோரமாகத் தெற்கே வந்தது, மாமல்லபுரம் பக்கம்வரை வந்ததாகச் செய்தி. மீனைத் தொடவே ஜனங்க பயந்தாங்க. எண்ணெய் படாத மீனைக் கூடையில் வைத்திருந்தவர்களுக்கும் அதே நஷ்டம். பள்ளிக்கரணையில் உள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர்கள், எண்ணெய் தின்னும் கடல் நுண்ணுயிர்களைக் கோதுமைத் தவிட்டில் ஏற்றிச் சோதித்திருக்கிறார்கள். 10 நாளில் 84 சதம் கச்சா எண்ணெய் சிதைந்தது. தவிடு இல்லாமல் விட்டபோது சுமார் 60 சதம்தான். நாம் மாட்டுக்கு வைக்கிற தவிடுதாங்க!

சரி, வீட்டில் செய்யலாமா? இட்லி மாவு புளிக்க வைக்கிற நமக்கு இது சுலபம்போலத் தோன்றும். மாவில் வேண்டாத கிருமி சேர்ந்தால் வாசனையே சொல்லிவிடும். இதில் அப்படித் தெரியாது. மூடிய தொட்டியில் காற்று செலுத்தி வளர்க்க வேண்டும். செய்கிற பொருளே சோப்பு என்பதால் தொட்டி முழுக்க நுரை பொங்கி வெளியே வழியுமாம். பெரிய ஆய்வுக்கூடங்களுக்கே அது தலைவலி. பிறகு அதைப் பிரித்துச் சுத்தம் செய்யத்தான் செலவு எகிறுகிறது. செலவைக் குறைக்க, பலகாரம் சுட்ட பழைய எண்ணெயையும், நம் படாளம் சர்க்கரை ஆலை மாதிரி ஆலைகளில் மிஞ்சும் கரும்புக் கழிவுப்பாகையும் தீனியாகப் போட்டுப் பார்க்கிறார்கள். இன்னொன்று, ராம்னோலிப்பிட் என்ற வகையை அதிகமாகச் சுரக்கும் சூடோமோனாஸ் ஏருஜினோசா, ஆஸ்பத்திரிகளில் புண்ணில் சீழ் வைக்கும் அதே கிருமி. பிள்ளைங்க இருக்கிற வீட்டில் அதை வளர்ப்பதா?

யூனிலீவர் கம்பெனி 2019-ல்தான் சிலி நாட்டில் இதைச் சேர்த்துப் பாத்திரம் கழுவும் திரவம் விற்க ஆரம்பித்தது. ஐரோப்பாவில் ஸ்லோவாக்கியாவில் எவோனிக் கம்பெனி பெரிய ஆலை திறந்தது 2024-ல். அவ்வளவு முதல் போட்டவர்களுக்கே இத்தனை வருஷம் ஆகியிருக்கு.

நம் தவறையும் சொல்லிவிடுகிறோம். முன்பு ஒரு குழு சுழல் நிதியில் "பயோ" பவுடர் மூட்டை வாங்கியது. பில் இல்லை, டப்பாவில் முகவரி இல்லை. நாங்களும் கேட்காமல் தீர்மான நோட்டில் கையெழுத்துப் போட்டோம். மூட்டை கட்டியாகிவிட்டது, கடனைக் கட்டி முடிக்க மாதங்கள் ஆனது.

அதனால் அந்த நபர் மறுபடி வந்தால் பணம் கொடுக்காதீங்க. எந்த நுண்ணுயிர், எந்த ஆய்வுக்கூடம் கொடுத்தது, செய்த பொருளை யார் வாங்குவார்கள் என்று கேளுங்க. பதிலை எழுதி வாங்கி அலுவலகத்துக்குக் கொண்டு வாங்க, சேர்ந்து பார்ப்போம். கொக்கிலமேடு குழு கேட்ட பூந்திக்கொட்டைத் திரவப் பயிற்சிக்கு எத்தனை பேர் வர்றீங்க? நுரை தருவது அந்தக் கொட்டையேதான், கிருமி வளர்க்க வேண்டாம். கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுத்துவிட்டுப் போங்க.