பன்றியின் பசியும் வளர்ச்சியும்

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய உணவுச்சாலைகளின் மிச்சத்தை நம்பிப் பன்றி வளர்ப்போருக்குத் தீனி ஒரு நாள் மிஞ்சும், மறுநாள் போதாது. இதனால் வளர்ச்சி குன்றுமா? விடை பன்றியின் வயதைப் பொறுத்தது.

பிறந்த குட்டி ஏறத்தாழ மணிக்கொரு முறை பாலருந்தும். அதன் உடலிற் சேமித்த கொழுப்பு மிகச் சொற்பம். முதல் நாளிலேயே பால் கிட்டாவிடின் இரத்தத்திற் சர்க்கரை குறைந்து, உடல் குளிர்ந்து, மாண்டுபோகும். சீம்பாலின் நோயெதிர்ப்பு ஆற்றலையும் குட்டியின் குடல் அந்த ஒரு நாளே ஏற்கும். பின்னர் ஊட்டிப் பயனில்லை.

வளர்ந்த பன்றியின் நிலை வேறு. சில காலம் அரைவயிறாய் இருந்தாலும், நல்ல தீனி கிடைத்ததும் அது விரைந்து பருத்து, இழந்ததில் ஒரு பகுதியை ஈடுசெய்யும். ஆயினும் நெடும் பட்டினி இரைப்பையிற் புண்ணை உண்டாக்கக்கூடும். ஆதலால் நாளுக்கு இருமுறை, குறித்த நேரத்தில், எல்லாப் பன்றிகளும் ஒருங்கே நின்று தின்னத்தக்க நீண்ட தொட்டியில் தீனி இடுதல் நன்று. தொட்டி குறுகினால் வலியது தின்னும், எளியது மெலியும். தண்ணீரோ எந்நேரமும் இருத்தல் வேண்டும்.

2024ஆம் ஆண்டில் ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் இலங்கையிற் பரவியது. பன்றியிறைச்சி கலந்த மிச்ச உணவாலும் அந்நோய் தொற்றும். அதற்குத் தடுப்பு, மிச்சத்தை ஒரு மணிநேரம் நன்கு கொதிக்கவைத்தல். அந்த ஒரு மணிநேரப் பசியால் வளர்ந்த பன்றி மெலியாது. கொதியாத தீனியை அவசரத்தில் இட்டாலோ தொழுவமே வெறுமையாகிவிடக்கூடும்.