அங்கன்வாடியும் நமது கடமையும்



சேலத்துத் தறிக்கூடங்களிலும், சேகோ ஆலைகளிலும், நாமக்கல் கோழிப்பண்ணைகளிலும் நம் குலத் தாய்மார் அநேகர் உழைக்கின்றனர். பகலில் அவர்தம் குழந்தைகளைக் காப்பவர் யார்? பல வீடுகளில் மூத்த பெண்ணே காக்கிறாள். அவள் படிப்பு அதோடு கெடுகிறது.

இதற்குப் பரிகாரம் ஊருக்குள்ளேயே உளது. 1975ஆம் வருஷம் இந்திய சர்க்கார் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தைச் சேர்ந்ததே அங்கன்வாடி. அங்கே 3 முதல் 6 வயதுக் குழந்தைகள் பாட்டும் கதையுமாய்க் கல்வி பெறுகின்றனர். மத்தியான உணவும் உண்டு. எடை பார்த்தலும் தடுப்பூசிக்கு வழி செய்தலும் உண்டு.

"அது ஏழைகளுக்கன்றோ? சமைப்பவர் யாரோ, பக்கத்தில் உட்காருபவர் யாரோ?" என்பர் சிலர். அன்பர்களே, அது பிச்சையன்று. 2013ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டம் 6 மாதம் முதல் 6 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு அளித்த பாத்தியதை. ஒரே பந்தியில் உண்பதால் குலம் தாழாது. பெண்ணின் படிப்பை நிறுத்தினால் நிச்சயமாய்த் தாழும்.

ஆலை வேலை முடியுமுன் அங்கன்வாடி மூடப்படுவது மெய்யே. எஞ்சிய மாலைப்பொழுதுக்கு நமது சங்க மண்டபத்தைத் திறந்து விடுவோம். எக்குலத்துக் குழந்தையும் வரட்டும். பெரியோர்கள் இதனை ஆலோசித்து ஆவன செய்யுமாறு பிரார்த்திக்கிறேன்.