ஒரே பக்கம்

(பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் ஆற்றிய உரை)



பரிசு வாங்கும் நாளிலும் பாடமா என்று பிள்ளைகள் முகம் சுளிக்க வேண்டாம். ஒரே ஓர் ஆங்கில மரபுத்தொடரைப் பற்றித்தான் பேசப் போகிறேன். 'ஆன் தி சேம் பேஜ்' என்பது அது. ஆபீசுகளில் அடிக்கடி காதில் விழும். சொல்லுக்குச் சொல் மாற்றினால் 'ஒரே பக்கத்தில்' என்று வரும். அங்கேதான் சிக்கல். தமிழில் புத்தகத்துக்கும் பக்கம் உண்டு, 'நீ யார் பக்கம்?' என்று கேட்கும் பக்கமும் உண்டு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் வேறு வேறு சொல். அதனால் இதைக் கட்சி சேர்வது என்று எடுத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். அப்படியில்லீங்க.

வாசிப்பு நேரத்தை நினைத்துப் பாருங்கள். ஆசிரியர் 12-ஆம் பக்கம் வாசிக்கிறார். கடைசி மேசைப் பையன் 21-ஐத் திறந்து வைத்துக்கொண்டு நன்றாகத் தலையாட்டுகிறான். அவனும் நம் கட்சிதான்! பக்கம்தான் வேறு. ஒரு காரியத்தை எல்லாரும் ஒரே மாதிரி விளங்கிக்கொண்டிருப்பதையே இந்தத் தொடர் குறிக்கிறது. மாணவர்களே, இதில் வருவது 'ஆன்', 'இன்' அல்ல. 'இன் தி சேம் போட்' என்பது வேறு. எல்லாரும் ஒரே கஷ்டத்தில் மாட்டிக்கொண்டோம் என்று அதற்குப் பொருள்.

பெரட்டில் மண்டோர், "பழுத்த குலையை மட்டும் வெட்டு" என்கிறார். எல்லாரும் சரி என்கிறார்கள். எது பழுத்தது? ஒருவர் நிறத்தைப் பார்ப்பார், இன்னொருவர் போன தடவை வெட்டிய நாளை எண்ணுவார். காயாக வெட்டினால் எண்ணெய் குறையும், அதிகம் பழுத்துவிட்டால் எண்ணெயின் தரம் கெடும். அதனால்தான் மரத்தடியில் விழுந்த உதிரிப்பழத்தைப் பார்த்து வெட்டச் சொல்கிறார்கள். உதிரிப்பழம் எல்லார் கண்ணுக்கும் ஒன்றுதானே.

சரி, பள்ளிக்கு வருவோம். 2021-இல் யு.பி.எஸ்.ஆர். தேர்வை எடுத்துவிட்டார்கள். வகுப்பு மதிப்பீட்டு அட்டையில் 'தஹாப் பெங்குவாசான்' என்று, அதாவது தேர்ச்சி நிலை என்று, 1 முதல் 6 வரை எண் வருகிறது. 6-தான் உச்சம். 1 அடிமட்டம். நம் காலத்திலோ வகுப்பில் ஒன்னாவது வந்தவன்தான் ராஜா!

ஒரு தாயார் அட்டையோடு என்னிடம் வந்தார். "என்னா சார், தமிழுல ஆறாவதுக்குப் போயிட்டான். வெளையாட்டுப் புத்தி. நேத்து ரெண்டு போட்டேன்" என்றார். பையன் பின்னால் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். "அக்கா, ஆறுக்கு மேல எண்ணே கிடையாது" என்றேன். அந்த அம்மா அட்டையைத் திரும்ப வாங்கிப் பார்த்தார், பையனைப் பார்த்தார். அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் தலையைத் தடவிக்கொண்டே கூட்டிப் போனார்.

அடி வாங்கிய பிள்ளையைவிட, 1 வாங்கிவிட்டு வீட்டில் கோழிக்கறி சாப்பிட்ட பிள்ளை இருந்தால் அவனை நினைத்துத்தான் எனக்குக் கவலை. அடி வாங்கியவனுக்காகக் கேட்க ஆள் வந்தது. இவனுக்காக யார் வருவார்? வாசிக்கத் தடுமாறுகிறான் என்பதே வீட்டுக்குத் தெரியாமல் வருஷம் ஓடிவிடும்.

ஆகவே பெற்றோர்களே, அட்டையில் வெறுமனே கையெழுத்துப் போட்டு அனுப்பாதீர்கள். "இந்த எண்ணுக்கு என்னா அர்த்தம், என் பிள்ளைக்கு எது வரலை?" என்று கேளுங்கள். எழுத்துக் கூட்டுவதா, கழித்தல் கணக்கா என்று நாங்கள் சொல்கிறோம். இரவு வேலை உள்ளவர்கள் காலையில் பிள்ளையை விட வரும்போதே கேட்கலாம். இன்று விழா முடிந்ததும் ஆசிரியர்கள் அவரவர் வகுப்பறையில் அட்டைகளோடு இருப்போம். தேநீர் குடித்துவிட்டு அப்படியே வாருங்கள்.