மேற்படிப்பும் பெற்றோர் சேமிப்பும்



முதுகலைப் பட்டம் பயில விழையும் பிள்ளைக்காகப் பெற்றோர் முதலில் எண்ணுவது கல்விக் கட்டணத்தையே. தங்குமிடம், உணவு, நூல்கள், படிக்குங்காலத்தில் இழக்கும் ஊதியம் ஆகியனவும் கணக்கில் சேர்தல் வேண்டும்.

மலேசியாவில் பிள்ளையின் உயர்கல்விக்காகப் பெற்றோர் தமது ஊழியர் சேமநிதியிலிருந்து பணம் எடுக்க வழியுண்டு. ஆயின் அஃது அவர்தம் முதுமைக்கால உணவு. எடுத்த தொகையுடன், அதன்மேல் ஆண்டுதோறும் பெருகும் இலாப ஈவும் நீங்கிவிடும்.

ஆதலின் உபகாரச் சம்பளம், பல்கலைக்கழக ஆய்வு உதவியாளர் பணி ஆகியவற்றைப் பிள்ளை முதலில் நாடுக. பணியிலிருந்தவாறே பகுதிநேரமாகப் பயில்வோர், முதுகலை, முனைவர் பட்டக் கட்டணத்திற்கு ஆண்டொன்றுக்கு 7,000 ரிங்கிட் வரை வருமான வரிக் கழிவு கோரலாம். எஞ்சியதற்கே சேமநிதி.

பட்டமளிப்பு விழாவைக் கண்டு மகிழ்ந்த பெற்றோர், பின்னாளில் உணவுக்கு அப்பிள்ளையின் கையை எதிர்பார்க்கும் நிலை வரலாகாது.