இறக்கை ஒட்டிய ராக்கெட்



திருவண்ணாமலையில் 2,668 அடி உயர மலையுச்சியில் கார்த்திகை தீபக் கொப்பரை எரியும்போது ஊரே அண்ணாந்து நிற்கும். தீபாவளிக்கு மிச்சம்பிடித்த ராக்கெட்டுகளை எங்கள் தெருப் பையன்கள் வெளியே எடுப்பது அன்றைக்குத்தான். ஒரு வருஷம் எனக்கு ஒரு யோசனை வந்தது. கல்யாணப் பத்திரிகை அட்டையை வெட்டி, ராக்கெட் குச்சியில் இறக்கையாக ஒட்டினேன். மேலே சீறிப் போகும், பருந்து மாதிரி மிதந்து இறங்கும் என்று கணக்கு. வற்றிக் கிடந்த ஏரியில் வைத்துத் திரியைக் கொளுத்தினேன். ஆளுயரம் எழும்பியது; அப்படியே குட்டிக்கரணம் போட்டு எங்களையே துரத்தியது. அண்ணன் வேட்டியில் ஒரு ஓட்டையோடு போயிற்று.

ஏன் புரண்டது? மெதுவாக மிதப்பதற்கு ஏற்ற இறக்கை, வேகத்தில் வம்பு செய்யும். வேகம் இரண்டு மடங்கானால் தூக்குவிசை நான்கு மடங்கு. மூக்கை மேலே மேலே நிமிர்த்தி, வட்டமடிக்க வைத்துவிடும். ஏறும்போது மூக்கு கனமாக இருக்க வேண்டும். மிதக்கும்போது அந்தக் கனம் ஆகாது. மாதிரி விமானக்காரர்கள் இதற்கு ஒரு தந்திரம் வைத்திருக்கிறார்கள். மோட்டாரை மூக்கருகே ஒரு தனிக் கூட்டில் பொருத்துவார்கள். மருந்து தீர்ந்ததும் கூடு கழன்று விழும், எடை பின்னால் நகரும், கிளைடர் மிதக்கத் தொடங்கும்.

இஸ்ரோவுக்கும் இதே தலைவலிதான். 2016 மே 23 காலை, ஸ்ரீஹரிகோட்டாவில் 6.5 மீட்டர் நீள இறக்கை வண்டி ஒன்றை ஒரு திட எரிபொருள் ராக்கெட்டின் தலையில் வைத்து ஏவினார்கள். சுமார் 56 கிலோமீட்டரில் ராக்கெட் கழன்றது. வண்டி 65 கிலோமீட்டர் வரை ஏறி, ஒலியைப்போல ஐந்து மடங்கு வேகத்தில் திரும்பி, வங்கக் கடலின் மேல் சறுக்கி இறங்கியது. மொத்தம் 770 விநாடி.

தம்பி தங்கைகளே, பட்டாசில் இறக்கை ஒட்டாதீர்கள்; வீட்டில் மருந்து கலக்கவே வேண்டாம். ரப்பர் பேண்டால் இழுத்து விடும் அட்டைக் கிளைடரிலும் இதே சிக்கல் வரும், வேட்டி மட்டும் பிழைக்கும்.

மாதிரி விமானம் செய்கிறவர்கள் முதலில் கையால் எறிந்து பார்த்துவிட்டுத்தான் ராக்கெட்டுக்குப் போவார்கள். இஸ்ரோவோ முதலில் ராக்கெட்டில் அனுப்பிவிட்டு, பிறகு 2023 ஏப்ரல் 2 அன்று சித்ரதுர்காவில் சினூக் ஹெலிகாப்டரிலிருந்து, 4.5 கிலோமீட்டர் உயரத்தில் அந்த 2016 வண்டியின் தம்பியைக் கழற்றிவிட்டது. அது தானாகவே ஓடுபாதையில் வந்து இறங்கியது. எங்கள் மொட்டை மாடியிலிருந்து நான் எறிந்த அட்டைக் கிளைடர் எதிர்வீட்டு ஓட்டின்மேல் போய் இறங்கியது. எடுத்துத்தர அந்த வீட்டுப் பாட்டி கடைசிவரை சம்மதிக்கவில்லை.