எழுத்துக்கு முன் உப்பு



அமெரிக்க நாட்டுத் தெத்ராயித்து நகரில் 1915-இல் தோன்றியது கிவானிசு மன்றம். அந்நிலத்து முதுகுடியினர் மொழியினின்றே அது தன் பெயரைப் பெற்றது. தொடக்கத்தில் அது வணிகர் கூட்டம்; உறுப்பினர் ஒருவருக்கொருவர் வாணிகம் பெருக்கிக்கொள்வதே நோக்கம். ஆயினும், தன்னலத்தில் பிறந்த அம்மன்றம் சில ஆண்டுகளிலேயே பொதுநலத்தின்பால் திரும்பிற்று. இன்று பல ஊர்களில் அதன் கிளைகள் சிறார்க்கு நூல் வழங்குகின்றன. உடனிருந்து படித்தும் காட்டுகின்றன.

நூல் கொடுத்தால் மட்டும் போதுமா? தாய் வயிற்றில் இருக்கும்போதே அயோடின் மிகக் குறைந்தால் குழந்தையின் மூளை வளர்ச்சி குன்றும். பின்னர் எத்துணை நூல் கொடுத்தும் அவ்விழப்பு ஈடாகாது. அதனைத் தடுக்க வல்லது, உணவுப்பில் சேர்க்கும் சிறிதளவு அயோடினே! இதனை உணர்ந்த அம்மன்றம் 1994-இல் யூனிசெப்பு அமைப்புடன் இணைந்து, அயோடின் கலந்த உப்பு ஏழை நாடுகளிலும் பரவப் பொருள் திரட்ட முனைந்தது.

பசித்த வயிறும் நலிந்த உடலும் எழுத்தை ஏற்கா. எழுத்தறிவிக்கப் புறப்படும் தொண்டர், முதலில் அக்குழந்தை வீட்டு உப்புக் கலத்தைப் பார்க்கட்டும். பிறகு நெடுங்கணக்கைத் தொடங்கட்டும்!